கைருன்னிசாவுக்கு மாற்று ஆள்

தேனியில் பெரியகுளம் சாலையில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனியின் டேட்டா சென்டர் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்யாண மண்டபத்துச் சமையலறை அளவுதான் இருக்கும். நான்கு இரும்பு அலமாரிகள், அவற்றில் அடுக்கி வைத்த சர்வர்கள், நிற்காமல் இரைந்துகொண்டிருக்கும் இரண்டு ஏசிகள். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியின் நோயாளிக் கணக்கு, போடி ஏலக்காய் வியாபாரிகளின் பில், சின்னமனூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஃபீஸ் கணக்கு எல்லாம் அந்த அறைக்குள்தான் ஓடுகின்றன. நான் ஜான்சி. அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து கம்ப்ளெயின்ட் போனை எடுக்கிறவள். ஊர்க்காரர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். திரும்பத் திட்டவும் நன்றாகவே வரும், அதற்குத்தான் ஒருவரும் சம்பளம் தருவதில்லை.

இது என் கதை இல்லை. கைருன்னிசா அக்காவின் கதை. கம்பெனியில் எல்லோருக்கும் கைரு அக்கா. சித்திரை வெயிலில் தேனி பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதன் மேலே முக்காடும் இட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்பதைப் பார்த்து நீங்கள் சிரித்திருந்தால், அவரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறீர்கள். நாள் முழுக்க அந்தக் குளிர் அறைக்குள் இருந்துவிட்டு வருகிறவருக்கு ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும் என்பதே மறந்துபோகும்.

ஊர் உத்தமபாளையம். அவருடைய அத்தா, அதாவது அப்பா, தேங்காய் மொத்த வியாபாரம் செய்தவர். பி.சி.ஏ. முடித்த கையோடு எங்கள் கம்பெனியில் பில் அடிக்கச் சேர்ந்தார். அப்போது இது வெறும் கேபிள் டிவி ஆபீஸ். முதலாளி சுரேஷ்கண்ணன் அண்ணன் அந்தக் காலத்தில் தானே போஸ்ட் மரத்தில் ஏறி ஒயர் இழுத்தவர். பிறகு இன்டர்நெட் வந்தது, அதற்குப் பிறகு முதல் சர்வர் பெட்டியில் வந்து இறங்கியது. மதுரையிலிருந்து வந்த ஆள் ஒரு மத்தியானம் முழுக்க என்னென்னவோ இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதை நின்று கேட்டது கைரு அக்கா ஒருவர்தான். அன்றைக்கு அவர் தலையில் விழுந்தது அந்த அறை.

சர்வரைப் பார்த்துக்கொள்வது என்றால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதில் பாதி, வீட்டுக்காரி பார்க்கும் வேலை. அறை சூடாகக் கூடாது, ஈரமாகவும் கூடாது. ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று ஊர் மண்ணை எல்லாம் வாரிக்கொண்டு வரும், அது உள்ளே நுழையக் கூடாது. எலி ஒயரைக் கடிக்கக் கூடாது. ஜெனரேட்டரில் டீசல் குறையக் கூடாது. யாராவது போகிற போக்கில் ஒரு ஸ்விட்சைத் தட்டிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை எதையும் மாற்ற விடமாட்டார். முதலாளி அதை மதம் சம்பந்தப்பட்டது என்று நினைத்து வருஷக்கணக்காக மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கெடுத்தால் சனி, ஞாயிறு உதிரிச் சாமான் கிடைக்காது என்பதுதான் விஷயம். அக்கா அதைத் திருத்தவில்லை. எதற்காகவோ கேட்டுக்கொண்டால் சரி என்று விட்டுவிட்டார்.

அவருடைய பெரிய கொள்கை, எதுவாக இருந்தாலும் இரண்டு வேண்டும் என்பது.

"ஒத்தையா இருக்கிறது எப்ப வேணாலும் போகும் ஜான்சி. எப்பப் போகும்னு மட்டும் சொல்லாது" என்பார்.

அப்படித்தான் ஏசி இரண்டு, யூ.பி.எஸ். இரண்டு. இன்டர்நெட் லைன் ஒன்று ஆண்டிபட்டி வழியாக, இன்னொன்று குமுளி வழியாக. ஒவ்வொன்றுக்கும் முதலாளியிடம் சண்டை. கடைசியாக அவர் சண்டை போட்டு வாங்கியது கம்பத்தில் ஒரு அறை. எங்கள் பழைய கேபிள் ஆபீஸில் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி பண்ணி, அங்கே கொஞ்சம் சர்வர்கள் வைத்தார். தேனியில் எழுதுவது அதே நிமிஷம் கம்பத்திலும் எழுதிக்கொள்ளும். தேனி அறை நின்றுபோனால் கம்பம் தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொள்ளுமா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒருநாள் தேனியை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்க வேண்டும். அக்கா கேட்கும்போதெல்லாம் முதலாளி ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ஓடுற வண்டிய எவனாச்சும் நிறுத்திப் பாப்பானா ஆத்தா? ஆஸ்பத்திரிக்காரன் என் சட்டையப் பிடிப்பான்."

ஆக, கம்பத்து அறை ஒருமுறைகூட விரித்துப் பார்க்காத குடை மாதிரி கிடந்தது. பரீட்சை பண்ணாததை நம்பக் கூடாது என்பது அக்காவின் தொழில் தர்மம். அதனால் அவரே அதை நம்பவில்லை.

"எல்லாத்துக்கும் ஜோடி வாங்கிட்டீக. உங்களுக்கு ஒரு ஜோடி வாங்கலையேக்கா" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"அதுக்கு பில்லு போட்டா அண்ணன் கையெழுத்துப் போட மாட்டாக" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவருடைய உலகம் டவர் எட்டும் தூரம் வரைதான். குமுளி மலைப்பாதையில் எந்த வளைவில் சிக்னல் போகும், மேகமலைக்குப் போகும் வழியில் எங்கே போகும் என்று அவருக்கு அத்துப்படி, அதற்கு மேலே ஒரு அடி வைக்க மாட்டார். குடும்பத்தோடு சுருளி அருவிக்குப் போனால் எல்லோரும் மேலே குளிக்க, இவர் கீழேயே எல்லோருடைய பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு, கையில் போனோடு உட்கார்ந்திருப்பார். கோம்பையில் நாத்தனார் கல்யாணத்தில் பெண்களெல்லாம் மணப்பெண்ணைச் சுற்றி இருக்க, இவர் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு டிஸ்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குளிக்கப் போகும்போது போனை ரொட்டி கவரில் போட்டு ஜன்னலில் வைப்பாராம். இதையெல்லாம் அவர் குறையாகச் சொன்னதில்லை. கேட்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும்.

இந்த வருஷம் ஜூன் மாதம்தான் கழுத்தை இறுக்கியது.

அவருடைய கணவர் அப்துல் வாஹித் கோயம்புத்தூரில் பம்பு செட் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். வருஷக்கணக்காக வாரக்கடைசியில் வந்து போய்க்கொண்டிருந்தவர். ஒரே மகள் ரெஹானா. இனியாவது ஒரே இடத்தில் இருப்போம் என்று முடிவெடுத்து, அக்கா கோயம்புத்தூரிலேயே ஒரு டேட்டா சென்டரில் வேலை தேடினார். வீடியோவில் இன்டர்வியூ வைத்து உடனே எடுத்துக்கொண்டார்கள். ரெஹானாவை அங்கேயே ஏழாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. தகப்பனும் மகளும் முன்னால் போனார்கள்.

"ஒரு மாசத்துல வந்துருவேன்டி" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார்.

புதுக் கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்றுதான், பழைய கம்பெனியிலிருந்து விடுவிப்புக் கடிதம். முதலாளி தரவில்லை. அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படியும் சொல்ல முடியாது. நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"மாத்து ஆளு வரட்டும் ஆத்தா. உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா? நீ போனா நான் கடையச் சாத்திட்டு மறுபடி போஸ்ட் மரத்துல ஏற வேண்டியதுதான்" என்று மூக்கால் அழுதார்.

முதல் மாற்று ஆள் வந்து, குளிக்கும்போதும் போன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். எந்த ஊரில் டீ குடிக்கிறாரோ! இரண்டாவது ஆளை முதலாளிக்கே பிடிக்கவில்லை. மூன்றாவதாக இனியன் வந்தார். பெரியகுளத்துக்காரர், பெங்களூரில் நல்ல கம்பெனியில் இருந்துவிட்டு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பியவர். வேலை தெரிந்த மனிதர். ஒரே ஒரு கோளாறு, முதலாளி எது சொன்னாலும் "சரிங்க சார்" என்பார். அக்கா தனக்குத் தெரிந்த அத்தனையையும் அவரிடம் கொட்டினார். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் முதலாளியிடம் போய் நிற்பார். "தம்பி இன்னும் கொஞ்சம் பழகட்டும்" என்று பதில் வரும். ஒரு மாதம் என்று சொன்னது இப்படியே நீண்டுகொண்டு போனது. கோயம்புத்தூர்க்காரர்களும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் கடிதத்தோடு வந்தால் வாருங்கள், இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி, "தீபாவளி போகட்டுமே" என்றார்.

அன்றைக்கு அக்கா என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பூசை லீவுல கோயம்புத்தூர் போய்ட்டு வாரேன் ஜான்சி. இந்த வருசம் அம்மா வர முடியாதுன்னு பிள்ளைகிட்ட நேர்ல சொல்லணும். போன்ல சொன்னா வச்சிட்டுப் போயிருவா."

அவர் இல்லாத ஆயுத பூஜை எங்கள் கம்பெனியில் அதுதான் முதல்.

எங்கள் டேட்டா சென்டரில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டறை ஆனாலும் மில் ஆனாலும் அன்றைக்கு மெஷினை நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுப்பது ஊர் முறை. சர்வரை நிறுத்த முடியாது. அதனால் அக்கா பல வருஷத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார். பழுதாகி வேலையை விட்டு நீக்கிய ஒரு சர்வரை எடுத்து, துடைத்து, வெளியே என் மேஜை மேல் வைத்துவிடுவார். பொட்டு, மாலை, பொரி, கடலை, சாம்பிராணி எல்லாம் அதற்குத்தான். முதலாளியும் கும்பிட்டுவிட்டுப் போவார். உயிரோடு இருக்கும் சர்வர்கள் கதவுக்கு உள்ளே தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பூஜைக்கு எல்லாம் எடுத்து வைப்பதில் அக்காவுக்கு எங்களைவிட ஆர்வம் அதிகம், ஒருவரும் அறைக்குள் நுழையாமல் இருக்க வேண்டுமே.

இந்த வருஷம் முதலாளி வந்ததும் வராததுமாக அந்தப் பழைய பெட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வருசா வருசம் செத்த மெஷினுக்கே பொட்டு வச்சா எப்பிடிய்யா தொழில் வெளங்கும்? நமக்குச் சோறு போடுறது உள்ள இருக்கிறது. இந்த வருசமாச்சும் நெசத்துக்குப் பூசை போடுவோம். லீவு நாள்தான. ஒரு மணி நேரம் நிறுத்துனா என்ன, குடியா முழுகிரும்? தம்பி, என்ன சொல்ற?"

இனியன் வாயைத் திறந்தார். என்னென்னவோ சொல்ல வந்தது முகத்தில் தெரிந்தது. "சரிங்க சார்" என்றார்.

"அண்ணே, அக்காகிட்ட ஒரு வார்த்த..." என்று நான் இழுத்தேன்.

"அவதான் போறேன் போறேன்னு நிக்கிறாளே, எல்லாத்துக்கும் அவளையே கேக்கணுமா?"

ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அந்த இரைச்சல் நின்றபோது எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அமைதியை நான் கேட்டதே இல்லை. உள்ளே சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் வைத்து, முதலாளி சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டார். புகையைக் கண்டதும் கூரையில் இருந்த தீ எச்சரிக்கை மணி வீல் என்று அலற ஆரம்பித்தது. பாத்திரக்கடைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று குடத்தில் தண்ணீரோடு மாடிப்படி ஏறி ஓடி வந்தார். அவரைத் தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் மறுபடி ஸ்விட்சைப் போட்டோம்.

விளக்கு எரிந்தது, விசிறிகள் சுற்றின. ஆனால் டிஸ்க்குகள் இருக்கும் பெரிய பெட்டி மட்டும் எழவில்லை. பல வருஷமாக ஒரு நொடிகூட நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தவை அவை. நிறுத்தி ஆறவிட்டதும் சில டிஸ்க்குகள் மறுபடி சுற்ற மறுத்துவிட்டன. சுவரில் இருக்கும் பெரிய திரையில் எந்தெந்த வாடிக்கையாளர் ஓடுகிறார் என்று பச்சையும் சிவப்புமாகத் தெரியும். அந்தத் திரையும் அதே பெட்டியிலிருந்து ஓடுவதுதான், அதுவும் கறுப்பாகக் கிடந்தது. என் கம்ப்ளெயின்ட் போன்கூட அந்த அறை வழியாக வருவதுதான், எடுத்துப் பார்த்தேன், ஊமையாக இருந்தது. இனியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகமெல்லாம் வேர்த்து, அணைப்பதும் போடுவதுமாக இருந்தார்.

முதலாளி செய்த முதல் காரியம் தன் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டதுதான்.

"எவனுக்கும் தெரியக் கூடாது. நாமளா யாருக்கும் போன் போடக் கூடாது. ஒரு வார்த்த வெளிய போச்சு, அம்புட்டுப் பேரும் கழண்டுக்கிருவாய்ங்க. ஜான்சி, உன் போனைக் குடு."

என் போனில் கைரு அக்காவைக் கூப்பிட்டார். அக்கா போன பஸ் உடுமலைப்பேட்டையைத் தொட்டிருந்தது.

"ஆத்தா, எல்லாம் செத்துப் போச்சு ஆத்தா."

என்ன நடந்தது என்று அவர் சொல்லி முடித்தார். மறுமுனையிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது, எனக்கும் கேட்டது.

"ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிட்டாகளா?"

"கூப்பிடுறதுக்குப் போன் எங்க இருக்கு? அதுவும்ல போச்சு!"

அக்கா தன் செல்போன் வழியாகப் பார்க்க முயன்றிருக்கிறார். வெளியூரிலிருந்து அவர் எதைப் பார்ப்பதாக இருந்தாலும் தேனி அறைக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும். அந்தக் கதவே இல்லை. கம்பத்துக்கு அன்று லீவு, அங்கே ஆள் கிடையாது. ஒன்றும் தெரியாதபோது கெட்டதைத்தான் நினைக்க வேண்டும் என்பது அவர் பழக்கம். உடுமலையில் இறங்கிவிட்டார். இறங்கி நின்று ரெஹானாவுக்குப் போன் போட்டிருக்கிறார். பிள்ளை, "சரிம்மா" என்று மட்டும் சொன்னாளாம். ஏன் என்று கேட்கவே இல்லையாம்.

அக்கா மாடியேறி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. யாரையும் ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. பையை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். குங்குமப் பொட்டு வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக் கேட்டார். இரண்டு டிஸ்க்குகளை உருவிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தார். வெளியே வந்தார்.

"ஜான்சி, உன் செல்லுல ஆஸ்பத்திரி பில் கவுண்டருக்குப் போடு."

முதலாளி பதறிவிட்டார். "நாமளே சொல்லி நாறடிக்கணுமா?"

"பேப்பர்ல எழுதிக்கிடுங்கன்னு காலையிலயே சொல்லிருக்கணும்ண்ணே. ஆள் உசுரு இருக்கிற இடம். இனிமேயும் மறைச்சா பாவம்."

நான் போட்டேன்.  ஸ்பீக்கரில் வைத்தேன். கவுண்டரில் இருந்த வேல்விழி எனக்குத் தெரிந்தவள்தான், எடுத்தாள்.

"வேல்விழி, அங்கன கம்ப்யூட்டரு எப்பிடி இருக்கு?"

"ஓடுதுக்கா. ஏன்?"

"காலையிலருந்தா?"

"காலையில ஒரு டீ குடிக்கிற நேரம் சுத்திக்கிட்டு நின்னுச்சு. அப்பறம் தானா வந்துருச்சு. என்னக்கா, எதும் கோளாறா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "போடிக்குப் போடு" என்றார். போடியில் ஏலக்காய் மண்டிக்காரர் ஒருவர், "என்ன தாயி, நல்ல நாளும் அதுவுமா? பில்லு பாட்டுக்குப் போகுது. பொரி வாங்க ஆளனுப்பவா?" என்றார். சின்னமனூர்ப் பள்ளிக்கூடத்துக் கிளார்க்கும் அதையேதான் சொன்னார். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அக்கா என் மேஜை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கம்பம் எடுத்துக்கிருச்சு" என்றார். பிறகு இன்னொரு தடவை, சத்தமாக: "எடுத்துக்கிருச்சு ஜான்சி! நான் செஞ்சது ஓடிருச்சு!"

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அப்படி வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. இனியன் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, பொரித் தட்டை எடுத்து எல்லோர் கையிலும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். அணைத்து வைத்திருந்த செல்போனைப் போட்டுப் பார்த்தார். ஒரு திட்டுகூட வந்திருக்கவில்லை.

அப்போதே நாங்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். முதலாளி பொரியை மென்றுகொண்டே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அப்பிடின்னா, நீ இங்கன இல்லாமயே காலையிலருந்து எல்லாம் ஓடிருக்கு?"

"ஆமாண்ணே."

"யாரும் கையே வைக்காம?"

"ஆமாண்ணே. அதுக்குத்தான கம்பத்துல வச்சது." அக்காவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

முதலாளி கையை உதறிப் பொரியைத் தட்டிவிட்டார்.

"அப்பறம் நான் எதுக்கு இத்தன மாசமா உன் காலப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்? தானா ஓடுறத வச்சுக்கிட்டு, நீ இல்லன்னா ஒலகமே நின்னுரும்ங்கிற மாதிரி என்னையப் பயங்காட்டி வச்சிருந்திருக்க. தூங்கவிடாமப் பண்ணிட்டியேம்மா."

'ஆத்தா' போய் 'அம்மா' ஆகியிருந்ததை நான் கவனித்தேன். அக்காவும் கவனித்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது.

"நான் பயங்காட்டலண்ணே. ஒரு தடவ அணைச்சுப் பாக்க விடுங்கன்னுதான கேட்டேன்?"

"சரி விடு. நடந்தது நடந்துருச்சு. உனக்கு அந்த லெட்டர்தான வேணும்? ஜான்சி, அடிச்சுக் குடு. இன்னைக்குத் தேதியே போடு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போகாதே என்று மூக்கால் அழுதது யார், ஒரு தடவை அணைத்துப் பார்க்க விடாதது யார் என்று நாக்கு நுனி வரை வந்தது. கடிதம் கிடைக்கிற நேரத்தில் கெடுத்துவிடக் கூடாதே என்று விழுங்கிக்கொண்டு அடித்தேன். அடித்து முடிக்க ஒரு பாட்டு ஓடுகிற நேரம்கூட ஆகவில்லை. முதலாளி நின்றபடியே, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷம் உழைத்தவருக்கு உட்கார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தேனிப் பெட்டியில ரெண்டு டிஸ்க் போச்சு. புதுசு வர்ற வரைக்கும் கம்பம் ஒத்தையா ஓடும். அத யாரும் தொட்டுறாம பாத்துக்கங்க" என்றார் அக்கா.

"அதெல்லாம் தம்பி பாத்துக்கிருவான்."

இனியன் மட்டும் வாசல் வரை வந்தார். "மன்னிச்சிருங்கக்கா. வேணாம்னு சொல்லிருக்கணும்" என்றார்.

"இனிமே சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா. 

நானும் அவரோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கடைகளில் எல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய் தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது. வழி நெடுக நான்தான் பேசினேன். முதலாளியை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைது தீர்த்தேன். அக்கா காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அது இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை.

"அவன் கிடக்கான் விடுங்கக்கா. கைக்கு வந்துருச்சுல்ல. காலையில ரெஹானா கண்ணு முழிக்கையில நீங்க நிப்பீக" என்றேன்.

கோயம்புத்தூர் பஸ் வந்து நின்று, கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அக்கா ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வெக்கையிலும் கை சில்லென்று இருந்தது.

"ஆகஸ்ட் மாசம் ரெஹானா பெரிய மனுஷியானா ஜான்சி."

எனக்குத் தெரியாது. எங்கள் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

"அவ அத்தா போன் பண்ணாக. பிள்ள பயந்துக்கிட்டு அம்மா வரட்டும், அம்மா வரட்டும்னு கதவப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருந்தாளாம். அன்னைக்கு இங்கன ஆடிக் காத்துல லைன் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிக்கிட்டிருந்துச்சு. நாளைக்கு வாரேன்னு சொன்னேன். மறுநாளும் கரண்டு வரல. டீசல் கேனத் தூக்கிக்கிட்டு மாடிக்கும் கீழுக்குமா அலைஞ்சேன். பக்கத்து வீட்டுப் பொம்பளதான் பேசிக் கதவத் திறக்க வச்சு, எம்பிள்ளைக்குத் தண்ணி ஊத்திருக்காக."

 வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் இங்கன நின்னு காத்ததுல ஒண்ணுமில்ல. அன்னைக்கும் கம்பம் எடுத்திருக்கும்ல ஜான்சி? நான் போயிருந்திருக்கலாம்ல?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள் நான். 

"இல்லக்கா. அன்னைக்கு எடுத்திருக்காது" என்றேன்.

அந்த அறையைப் பற்றி என்னைவிட அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, சரி என்பது மாதிரி தலையை ஆட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.